கைராசி

“எம்புள்ள வெளிக்குப் போனாக்கூட வாடை அடிக்காது டாக்டரம்மா” என்று நாகஜோதி பெருமையாகச் சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன். தலைப்பிள்ளை பெற்றவள். எதற்காவது பெருமைப்பட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பையன் எலும்பும் தோலுமாகச் செத்துப்போனான். கடைசி நாள்வரைக்கும் பால் நன்றாகத்தான் குடித்தான். குடித்தது உடம்பில் ஒட்டவில்லை.

அவனுக்குப் பிறகு இன்னும் இரண்டு குழந்தைகள் அதே மாதிரி போயின. வேறு சில குழந்தைகள் என் கண்ணெதிரே இளைத்துக்கொண்டிருந்தன. அவற்றின் வயிற்றுப்போக்குத் துணியை முகர்ந்து பார்த்தேன். மருத்துவம் படித்தால் இதெல்லாம் பழகிவிடும். ஒரு வாடையும் இல்லை. வெந்நீரில் நனைத்த துணி மாதிரி இருந்தது. மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்பிப் பார்த்தேன். காரணம் தெரியவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

நெடுங்கருவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் ஒருத்திதான் டாக்டர். பெயர் ஹாஜிரா, சொந்த ஊர் கீழக்கரை. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மஞ்சள்காமாலைக் குழந்தைக்குக் கழுதைப்பால் வாங்கிக் கொடுத்த ஒரு மாமியாரை வரிசையில் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். ‘பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டும் கூடாது’ என்று பிரசவ அறை வாசலில் நானே சிவப்பு பெயிண்டால் எழுதிவைத்திருக்கிறேன். அதன் பலன், எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் என்னிடம் மறைக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்கு மேற்கே மின் ஆலை. ஊர்க்காரர்கள் அதை முள்ளுக் கம்பெனி என்பார்கள். சீமைக்கருவேல முள், கடலைத் தொலி, வைக்கோல், தென்னை மட்டை என்று எரியக்கூடிய எதுவானாலும் வாங்கிக்கொண்டு கரண்ட் ஆக்கும். இந்த மாதிரி ஆலைகள் தமிழ்நாட்டில் பலதும் மூடிக்கிடந்தன. காரணம் ரொம்பச் சாதாரணம். கோடையில் மலை மாதிரிக் குவித்த விறகும் வைக்கோலும் ஐப்பசி மழையில் நனைந்து மக்கிப்போகும். மக்கின சாமான் அடுப்பில் புகையுமே தவிர எரியாது. வருஷத்தில் நான்கு மாதம் ஆலை சும்மா கிடந்தால் யார் தாங்குவது?

ஆலையின் விஞ்ஞானி குலசேகரன் சார்தான் அதற்கு வழி கண்டுபிடித்தார். மக்குவது என்பதே கிருமிகள் தின்பதுதானே? மற்ற எந்தக் கிருமியையும் அண்டவிடாத ஒரு கிருமியை அவர் உண்டாக்கினார். தண்ணீரில் கலந்து குவியல்மேல் தெளித்துவிட்டால் போதும். மூன்று வருஷம் மழையில் நின்றாலும் விறகு இன்று வெட்டினதுபோல இருக்கும். அதற்குக் காப்பு என்று பெயர் வைத்தார். அதன்பிறகு ஆலை ஒரு நாள்கூட நிற்கவில்லை. எட்டு ஊருக்கு ராத்திரி பகலாக வெளிச்சம். திருப்பூருக்கு பனியன் தைக்கப் போன பையன்கள் எல்லாம் திரும்பி வந்து கல்யாணம் செய்துகொண்டு, மோட்டார் சைக்கிள் வாங்கி, என்னிடம் மனைவியைப் பரிசோதனைக்குக் கூட்டிவந்தார்கள்.

சாரை ஊரே ஐயா என்று கும்பிட்டது. கரிமூட்டம் போட்டுப் பிழைத்த வீட்டில் பிறந்து வெளிநாட்டில் படித்து, சம்பளத்தைப் பெரிதாக நினைக்காமல் திரும்பி வந்த மனிதர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாயங்காலம் சைக்கிளில் ஊருக்குள் வந்தால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். அவர் கையால் தொட்டு ஆரம்பித்த காரியம் விளங்கும் என்று ஒரு பேச்சு. போர்வெல் போட, கடை திறக்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, எதற்கானாலும் அவரைக் கூப்பிடுவார்கள். “கைராசிக்காரன்னு சொல்றாங்க ஹாஜிரா, நான் என்ன பண்றது?” என்று வெட்கத்தோடு சிரிப்பார். இந்த ஊரில் நான் மதித்த ஒரே ஆள் அவர்தான்.

மூன்றாவது குழந்தையைப் புதைத்த மறுநாள், மக்காத சாமானுக்குத்தான் வாடை இருக்காது என்று உறைத்து, அவரைப் பார்க்க ஆலைக்குப் போனேன். பின்கட்டில் பெரிய பெரிய தொட்டிகளில் காப்பு வளர்ந்துகொண்டிருந்தது. மற்ற வேலைக்காரர்கள் முழங்கைவரை கையுறை போட்டிருப்பார்கள். அவர் மட்டும் வெறுங்கையை விட்டுத் துழாவி, விரலோடு விரல் தேய்த்து, பிசுபிசுப்புப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இது மனுஷன் வயித்துக்குள்ள போனா என்ன ஆகும்?” என்றேன்.

“ஒண்ணும் ஆகாது. தினமும் கையால அள்ளுறேன், இதே கையால சோறும் திங்கிறேன். எனக்கு என்ன கொறச்சல்?”

“ஏன் ஆகாது?”

“வயிறுங்கறது ஒரு லைன் வீடு மாதிரின்னு வச்சுக்கம்மா. நம்ம வயித்துல ஏற்கெனவே ஆயிரம் கிருமி குடித்தனம் இருக்கு. அதுங்கதான் நாம திங்கிறதைச் செரிக்க வைக்குது. காப்பு உள்ள போனா ஒக்கார எடம் இருக்காது. வந்த வழியே போயிடும்.”

“அப்பப் பொறந்த குழந்தைக்கு?”

தொட்டியிலிருந்து கையை எடுத்தார். விரல்களிலிருந்து அது நூலாக வடிந்தது. துடைக்கக்கூட மறந்து நின்றார்.

“அது காலி வீடு” என்றார். “யார் முதல்ல குடி போறாங்களோ அவங்க வச்சதுதான் சட்டம். காப்பு முதல்ல போய் ஒக்காந்துட்டா வேற எதையும் உள்ள விடாது. எத்தனை பால் குடிச்சாலும் பிரயோஜனம் இல்ல.”

“வெளியேத்த முடியாதா? மருந்து, மாத்திரை?”

“ஐப்பசி மழையில மூணு மாசம் நின்னாலும் கழுவிட்டுப் போகக் கூடாதுன்னுதானே அதை உண்டாக்கினேன்.” நெற்றியில் வேர்த்திருந்தது. “ஆனா ஹாஜிரா, எல்லாக் குழந்தைக்கும் வரலையே. காத்துல வந்தா எல்லாருக்கும் வரணும். குவியலுக்குப் பக்கத்துலயே குடிசை போட்டிருக்காங்களே ஒடிசாக்காரங்க, முள்ளு வெட்டுறவங்க. அவங்க புள்ளைங்க கொழுகொழுன்னு இருக்கு. எந்த வழியா உள்ள போகுதுன்னு தெரியணும். தெரிஞ்சா நானே ஆலையை மூடுறேன். சத்தியமாச் சொல்றேன்.”

அவர் சத்தியம் செய்தால் செய்வார். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். குடிதண்ணீரைச் சோதித்தார். வீட்டுத் தூசியைச் சோதித்தார். என் மூலமாகத் தாய்மார்களிடம் பால் வாங்கிச் சோதித்தார். எல்லாவற்றிலும் காப்பு கொஞ்சம் இருந்தது. எதிலும் ஒரு குழந்தையின் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு இல்லை. அவர் முகத்தில் சதை வற்றியது. மேலிடத்திலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. எட்டு ஊர் வெளிச்சத்தில் கை வைக்காதீர்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள். நான் மரியாதையில்லாமல் பதில் சொன்னேன்.

இதற்கிடையில் நாகஜோதி மறுபடியும் உண்டானாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது. ஏழாம் மாதத்தில் அவள் புருஷன் வழிவிட்டானைக் கூப்பிட்டேன். ஆலைக் குவியலில் காப்புத் தெளிக்கிற வேலை அவனுக்கு.

“பிரசவத்துக்கு மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிரு. மூணு மாசம் அங்கயே இருக்கட்டும்.”

“எதுக்கு டாக்டரம்மா? இங்கதான் நீங்க இருக்கீகள்ல.”

“முதப் புள்ளையை நான் இருந்தும்தானே பறிகொடுத்தே?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அது எங்க விதி. இந்தப் புள்ள நல்லாருக்கும். ஊரை விட்டுப் போயிட்டா, செய்யவேண்டியது செய்ய ஆளு வேணும்ல” என்று முனகினான். என்ன செய்யவேண்டியது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். நாகஜோதி அவனை முழங்கையால் இடித்ததை நான் பார்த்தேன். வளைகாப்பு, கோயில் என்று ஏதோ இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அவளுக்கு வலி எடுத்தது ஒரு புதன்கிழமை காலையில். புதன்கிழமை தடுப்பூசி நாள். பிரசவ அறையில் நர்ஸ் மரகதத்தை விட்டுவிட்டு, வெளியே வரிசையில் நின்ற குழந்தைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அழகுமலை வீட்டு மருமகள் தீபலட்சுமி தன் பிள்ளையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். ஐந்து மாதம்தான் ஆகிறது, தொடை இரண்டும் பூசணிப் பிஞ்சு மாதிரி. அழகுமலைக்கு முள்ளுக் கம்பெனியோடு பாதைத் தகராறு. கோர்ட்டுக்குப் போய் நிற்கிறார். ஆலைக்காரர்களுக்கும் அந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

“என்ன குடுத்து வளக்குறே இவனை?” என்றேன் சும்மா.

“பால்தான் டாக்டரம்மா. அவன் தாத்தா மாதிரி மல்லுக்கட்டிக் குடிப்பான். தாத்தாதானே சேனை வச்சாக.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ ஒரு சொட்டு வைப்பதுதான் சேனை. யார் விரலால் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். என் சிவப்பு பெயிண்ட் எழுத்தெல்லாம் இந்தப் பழக்கத்துக்கு எதிராகத்தான். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே படபடவென்று கொட்டிவிட்டாள்.

“எங்க வீட்டுல மட்டுமா வச்சாக? ஊரே வைக்குது. எல்லாரும் ஐயாவைத்தான் கூப்பிடுறாக, புள்ள அவுகள மாதிரிப் படிச்சு வரணும்னு. எங்க மாமாதான் அந்த ஆளு கை நம்ம புள்ள மேல படக்கூடாதுன்னு சொல்லிட்டாக.”

“எந்த ஐயா?” என்றேன். தெரிந்தேதான் கேட்டேன்.

ஊசியைக் கீழே வைத்தேன். வரிசையில் இருந்த ஒவ்வொரு தாயிடமும் போனேன். திட்டமாட்டேன், யார் சேனை வைத்தது, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். நெஞ்சுக்கூடு தெரிகிற குழந்தையை மடியில் வைத்திருந்தவள் “ஐயாதான்” என்றாள். பக்கத்தில் நன்றாக இருந்த குழந்தையின் தாய், “எங்களுக்கு அன்னைக்கு ஐயா ஊருல இல்ல, எங்க அண்ணன்தான் வச்சுச்சு. குடுத்து வைக்கலை” என்று வருத்தப்பட்டாள். கடைசிவரை கேட்டேன். ஒன்றுகூட மாறவில்லை. கூப்பிட வழியும் நினைப்பும் இல்லாத ஒடிசாக்காரர்களின் பிள்ளைகள் ஏன் கொழுகொழு என்று இருக்கின்றன என்பதும் விளங்கியது. அந்த வராந்தாவில் நின்று எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு பேர் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

மரகதம் உள்ளே இருந்து கத்தினாள். ஓடினேன். பதினொன்றேகாலுக்கு நாகஜோதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். என் கையிலேயே அதைத் துடைத்தேன். யார் விரலும் படாத சின்ன நாக்கு. இந்த ஒன்றை விடமாட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

“தாய்கிட்டப் போட்டுப் பாலைக் குடிக்க விடு. உள்ள ஒருத்தரையும் விடாதே. ஐயா வந்தாலும் விடாதே, புரியுதா?” என்று மரகதத்திடம் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அரைமணியில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அந்த மனிதருக்கு முதலில் நான் சொல்ல வேண்டும், அவர் யாரோ சொல்லிக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன்.

வெளியே வந்தால் அவரே நிற்கிறார். வெள்ளைச் சட்டை, சீவின தலை, வெறுங்கை. பக்கத்தில் வழிவிட்டான், அவன் ஆத்தா, இன்னும் நான்கைந்து பேர். என்னைக் கண்டதும் எல்லாரும் கோயிலுக்கு வந்தவர்கள் மாதிரி ஒழுங்காக நின்றார்கள்.

“பேத்தியா பேரனா?” என்றார் சார், சிரித்துக்கொண்டே.

“என் ரூமுக்கு வாங்க சார். கொஞ்சம் பேசணும்.”

கதவைச் சாத்தினேன். உட்காரச் சொன்னேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“வழி தெரிஞ்சுபோச்சு சார். தண்ணியில்ல, காத்தில்ல. சேனை. நீங்க சேனை வச்ச குழந்தைங்கதான் எல்லாம்.”

முதலில் அவருக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. தன் வலது கையை மேசைமேல் வைத்து, வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார்.

“கழுவிட்டுத்தாம்மா வச்சேன். சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான்...”

“மழையில கூடக் கழுவிட்டுப் போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“சொன்னேன்.” தலையை ஆட்டினார். “தண்ணியைப் பார்த்தேன். தூசியைப் பார்த்தேன். அந்தப் பொண்ணுங்க பாலை வாங்கிப் பார்த்தேன். என் விரலைப் பார்க்கலையே ஹாஜிரா. நீ திட்டுவேன்னு உங்கிட்ட மறைச்சேன். எனக்குப் புள்ளையா குட்டியா? ஒவ்வொரு வீட்டுலயும் கொண்டாந்து மடியில போடுவாங்க. நாக்கை நீட்டி விரலைச் சப்பும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது.”

பிறகு ஒவ்வொரு குழந்தையாகப் பெயர் சொன்னார். செத்தவை, இளைத்துக்கொண்டிருப்பவை எல்லாம். ஒன்றுகூட மறக்கவில்லை. அவரை வெறுக்க வேண்டும் என்று பார்த்தேன், முடியவில்லை. அவருக்காகவும் அந்தக் குழந்தைகளுக்காகவும் சேர்த்து என் நெஞ்சு வலித்தது.

“இன்னைக்கே அடுப்பை அணைக்கச் சொல்றேன்” என்றார்.

“கம்பெனி விடுமா?”

“தொட்டி என் கையில இருக்கு. ப்ளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டினா ஒரு மணிநேரத்துல முடிஞ்சது. திரும்ப உண்டாக்க என்னைத் தவிர ஆள் கிடையாது.”

“பையன்கள் எல்லாம் மறுபடி திருப்பூர் போகணும் சார். ஊர் இருண்டுபோகும்.”

“போகட்டும். உயிரோட இருந்தா எங்கயும் பிழைச்சுக்கலாம்.” எழுந்தார். “முதல்ல வெளிய போய் அந்த ஜனங்ககிட்டச் சொல்றேன். அடிச்சா அடிக்கட்டும். நாகஜோதி புள்ளை தப்பிச்சிருச்சுல்ல?”

“தப்பிச்சிருச்சு சார்.”

“போதும்மா. இப்போதைக்கு அது போதும்.”

அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. எனக்கும்தான். ஒரு வருஷமாகத் தேடினது கிடைத்துவிட்டது, ஒரு பிள்ளையாவது மிஞ்சிவிட்டது. அந்த ஊருக்கு வந்து நான் சந்தோஷப்பட்ட நிமிஷம் அது ஒன்றுதான். கதவைத் திறந்தேன்.

வராந்தாவில் ஒருத்தரும் கவலையாக இல்லை. வழிவிட்டான் ஆத்தா எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். மரகதம் பிரசவ அறை வாசலில், என் எழுத்துக்குக் கீழே, இரண்டு கையையும் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள்.

“டாக்டர், திட்டாதீங்க” என்றாள். “நீங்க சொன்னபடி ஒருத்தரையும் உள்ள விடல. ஐயாவும் உங்க ரூமுக்குப் போயிட்டாக. பன்னெண்டு அடிச்சா ராகு காலம் வந்துரும்னு இந்த அம்மா அழுதுச்சு. பார்க்கப் பாவமா இருந்துச்சு.”

“என்ன செஞ்சே?”

வழிவிட்டான் முன்னால் வந்தான். அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததேயில்லை. அவன் பேசியது என்னிடம் அல்ல, எனக்குப் பின்னால் நின்றவரிடம்.

“வரும்போதே கிண்ணத்தை என்கிட்டக் குடுத்து மறைச்சு வச்சுக்கச் சொன்னீகல்லய்யா? நீங்க விரலால கலக்கின சீனித் தண்ணிதானே. உங்க கை பட்டா என்ன, நீங்க கலக்கினது பட்டா என்ன, எல்லாம் ஒண்ணுதான்னு சிஸ்டர்கிட்டக் குடுத்துட்டேன். கோவிச்சுக்கிராதீகய்யா.”

மரகதம் பின்னாலிருந்த கையை முன்னால் கொண்டுவந்தாள். சின்ன வெள்ளிக் கிண்ணம். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

சார் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐயாவுக்கு மயக்கம் போல, தண்ணீர் கொண்டா என்று யாரோ கத்தினார்கள். நான் எல்லாரையும் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். நாகஜோதி குழந்தையை மார்போடு அணைத்துப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“திட்டாதீக டாக்டரம்மா. அப்படியே ருசி கண்டுட்டா, பாருங்க.”

குழந்தை நாக்கைச் சப்புக்கொட்டி, இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தது.